ஒரு கோப்பை டீயும் முப்பத்தாறு கேள்விகளும்

எழுபத்தைந்து வயது அம்மா ஒருவர் தன் வீட்டு அடுக்களையில் டீ போடப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓரமாக ஒரு பெண், கையில் தாளும் பேனாவுமாக நிற்கிறார். தானாக உதவ மாட்டார், குறுக்கே பேச மாட்டார். அம்மா ஓர் அலமாரியைத் திறக்கிறார், மூடுகிறார், அடுத்ததைத் திறக்கிறார். சர்க்கரை டப்பா முதல் அலமாரியிலேயே, கண்ணுக்கு நேராக இருந்தது. பேனா ஏதோ குறித்துக்கொள்கிறது. பால் பொங்கி விளிம்புக்கு வந்த பிறகுதான் அம்மா திரும்பிப் பார்க்கிறார். பேனா மறுபடி குறிக்கிறது. டீ தயாராகிவிட்டது. ஆனால் அம்மா நிறுத்தவில்லை. வடிகட்டியை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை வடிகட்ட ஆரம்பிக்கிறார்.

குறிப்பது டீக்கான மதிப்பெண் அல்ல. ருசி எப்படி இருந்தால் என்ன? கை எட்டுகிறதா, பிடி நழுவுகிறதா, பாத்திரத்தைத் தூக்கும்போது தேவைக்கு மேல் பலம் போகிறதா என்று உடலசைவைப் பற்றி 16 கேள்விகள். வேண்டிய சாமான்களை ஒன்றுசேர்த்துக்கொண்டாரா, வரிசை மாறாமல் செய்தாரா, பொங்குவதைக் கவனித்தாரா, முடிந்ததும் நிறுத்தினாரா, எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தாரா என்று வேலை நடக்கும் விதத்தைப் பற்றி 20 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண். இந்த அளவுகோலுக்கு 'ஆம்ப்ஸ்' என்று பெயர். ஆன் ஃபிஷர் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உருவாக்கியது. நோயாளி தனக்குப் பழக்கமான இரண்டு வேலைகளையாவது தேர்ந்தெடுத்துச் செய்து காட்ட வேண்டும். பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட வேலைகள் இருக்கின்றன.

இதில் எனக்கு வியப்பு, மதிப்பெண் போடுகிறவருக்கும் மதிப்பெண் உண்டு என்பதுதான். பொதுத்தேர்வுத் தாள் திருத்துகிற ஆசிரியர்களில் கை இறுகியவர் உண்டு, தாராளமானவர் உண்டு. யார் கையில் தாள் சிக்குகிறது என்பது மாணவனின் அதிர்ஷ்டம். ஆம்ப்ஸில் அந்த அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. பயிற்சி முடித்தவர் பலரை மதிப்பிட்டுக் காட்ட வேண்டும். அவர் எவ்வளவு கறார் என்று கணக்கிட்டு ஓர் எண் கொடுப்பார்கள். பிறகு அவர் போடும் ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் அந்தக் கறார்த்தனம் கழிக்கப்படும். வேலை எவ்வளவு கடினம் என்பதும் அப்படியே. டீ போடுவதும் நான்கு பேருக்குச் சமைப்பதும் ஒன்றல்லவே. மனிதரின் திறன், வேலையின் கடினம், பார்ப்பவரின் கறார் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் இந்தக் கணக்கின் வேர், பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்க முயன்ற டென்மார்க் கணிதவியலாளர் கெயோர்க் ராஷ் போட்ட வழியில் இருக்கிறது.

ஒரு கோப்பை டீக்கு எதற்கு இவ்வளவு பாடு? ஆய்விதழில் அச்சேற வேண்டும் என்றால் இவ்வளவும் வேண்டும்.

ஆக்குபேஷனல் தெரபி என்பதைத் தமிழில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்றும் 'செயல்வழி மருத்துவம்' என்றும் எழுதுகிறார்கள். முதல் பெயரைக் கேட்டால் ஏதோ வேலைவாய்ப்பு முகாம் என்று தோன்றும். மருத்துவமனை வராந்தாவில் 'ஓ.டி.' என்றால் பாதிப் பேருக்கு ஆபரேஷன் தியேட்டர். பெயர் குழப்பினாலும் காரியம் எளிது: நோயோ விபத்தோ மூப்போ வந்தபின், சட்டைப் பொத்தான் போடுவது, குளிப்பது, சமைப்பது, பேரக்குழந்தையைத் தூக்குவது என்று ஒருவருக்கு வேண்டிய அன்றாடக் காரியங்களை அவரே மறுபடி செய்ய வழி பண்ணுவது. 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் இதற்கென முதல் சங்கம் கூடியது. கூட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜ் பார்ட்டன். கட்டடக் கலைஞர், இடப்பக்கம் செயலிழந்தவர். 1922-இல் வில்லியம் டன்டன் என்ற மனநல மருத்துவர் இத்துறைக்கு ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். முதல் இதழில் வந்த புகழ்பெற்ற கட்டுரை மனநல மருத்துவர் அடால்ஃப் மேயருடையது. அது ஒரு சிந்தனைக் கட்டுரை. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. இந்தியாவில் முதல் பயிற்சிப் பள்ளியை 1950-இல் மும்பையில் கமலா நிம்ப்கர் தொடங்கினார்.

சிந்தனைக் கட்டுரையிலிருந்து முப்பத்தாறு கேள்விகளுக்கு ஏன் வர வேண்டியிருந்தது என்றால், நடுவில் மருந்து ஆய்வுகள் வந்து வழக்கத்தை மாற்றிவிட்டன. ஆயிரம் பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரி, பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு அதேபோல் தோன்றும் வெறும் மாவுருண்டை, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது, கடைசியில் எண்ணிப் பார். மருத்துவ உலகம் இதைத்தான் நம்பத் தகுந்த சாட்சி என்று ஏற்றுக்கொண்டது. மாத்திரைக்கு இது பொருந்தும். ஐந்து மில்லிகிராம் என்றால் மதுரையிலும் மாஸ்கோவிலும் ஐந்து மில்லிகிராம்தான். ஆனால் 'வீட்டுக்குப் போய், அம்மாவோடு உட்கார்ந்து, அலமாரிக் கதவில் படம் ஒட்டி, மகளுக்குக் கொஞ்சம் பொறுமை கற்றுக்கொடுத்தேன்' என்பதை எத்தனை மில்லிகிராம் என்று எழுதுவது? வெறும் மாவுருண்டைக்கு இங்கே எங்கே போவது? சிகிச்சையாளர் வந்தாரா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரியாமல் இருக்குமா?

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மோட் கிராஃப் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றார். டிமென்ஷியா, அதாவது மறதிநோய், ஆரம்ப நிலையிலோ நடுத்தர நிலையிலோ இருந்த 65 வயதுக்கு மேற்பட்ட 135 பேர். ஒவ்வொருவரோடும் அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியோ கணவரோ மகளோ ஒருவர். குலுக்கலில் ஒரு பாதிக்கு ஐந்து வாரங்களில் பத்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், வீட்டிலேயே சிகிச்சை. மறு பாதிக்கு ஆய்வு முடியும்வரை இந்தச் சிகிச்சை இல்லை.

முதல் நான்கு வருகைகளில் பயிற்சி எதுவும் கிடையாது, பேச்சுதான். எந்த வேலை கைவிட்டுப் போனதில் உங்களுக்கு மனம் நோகிறது? பார்த்துக்கொள்பவருக்கு எது தாங்க முடியவில்லை? இரண்டு பேரிடமும் தனித்தனியே கேட்டு, மீட்டெடுக்க வேண்டிய வேலைகளை அவர்களையே தேர்ந்தெடுக்க வைத்தார்கள். அதன் பிறகுதான் வீட்டில் சிறு மாற்றங்கள், வேலையைப் படிப்படியாகப் பிரித்துச் செய்யும் உபாயங்கள், கையைப் பிடித்து இழுக்காமல் துணை நிற்பது எப்படி என்று குடும்பத்தாருக்குப் பாடம்.

மாவுருண்டைச் சிக்கலுக்கும் ஒரு வழி கண்டார்கள். நோயாளிக்குத் தெரிந்துவிட்டுப் போகட்டும். மதிப்பெண் போட வருபவருக்குத் தெரியக்கூடாது. இந்த வீட்டுக்குச் சிகிச்சையாளர் வந்து போனாரா என்று அறியாதவர் வந்து ஆம்ப்ஸ் எடுப்பார். கூடவே, அன்றாடக் காரியங்களுக்கு எவ்வளவு துணை தேவைப்படுகிறது என்று பார்த்துக்கொள்பவரிடம் ஒரு கேள்விப்பட்டியல். ஆறாவது வாரத்தில் ஒரு முறை, மூன்றாவது மாத முடிவில் ஒரு முறை.

முடிவு 2006 டிசம்பரில் பி.எம்.ஜே. இதழில், அதாவது பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மருத்துவர்கள் படிக்கும் முதல் வரிசை இதழ்களில் ஒன்று அது. ஒரு நோயாளிக்குக் கண்கூடான முன்னேற்றம் கிடைக்க எத்தனை பேருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. பல மாத்திரைகளுக்கு அந்த எண் பத்தாக இருக்கும், ஐம்பதாகவும் இருக்கும். இங்கே ஆம்ப்ஸின் வேலை நடக்கும் விதத்தை வைத்துப் பார்த்தபோது 1.3. நான்கு பேருக்குச் சிகிச்சை தந்தால், இது இல்லாவிட்டால் முன்னேறியிருக்கவே மாட்டாத மூன்று பேர் முன்னேறினார்கள் என்று அர்த்தம். பார்த்துக்கொள்பவர்களும் தங்களால் சமாளிக்க முடிகிறது என்றார்கள். 2008-இல் அதே இதழில் செலவுக் கணக்கும் வந்தது: மூன்று மாதங்களில் ஒரு ஜோடிக்கு 1,748 யூரோ மிச்சம்.

இப்படி ஒரு கட்டுரை ஆய்விதழுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் ஆசிரியர் குழு பார்க்கும்; பெரிய இதழ்களில் வருவதில் பெரும்பகுதி அங்கேயே திரும்பிவிடும். தப்பியவை அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேரிடம் போகும். சம்பளம் இல்லாமல் படித்துக் குறை சொல்வது இவர்கள் வேலை. 'இரண்டாம் மதிப்பாய்வாளர்' என்றால் ஆய்வாளர்கள் கடன்காரரைப் பற்றிப் பேசும் குரலில் பேசுவார்கள். சிகிச்சையாளர்கள் எத்தனை வருட அனுபவசாலிகள்? மறு பாதிக்கு உண்மையில் எதுவும் தரப்படவில்லையா? எத்தனை பேரை அணுகி எத்தனை பேர் மாட்டேன் என்றார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள்? கடைசிக் கேள்விக்கு 1996-இல் வந்த 'கன்சார்ட்' என்ற வழிகாட்டி ஒரு வடிவம் கொடுத்தது. குலுக்கல் ஆய்வு எதை எடுத்தாலும், மேலிருந்து கீழாகப் பெட்டிகள் கிளை பிரிந்து இறங்கும் ஒரு படம் இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தலைக்கணக்கு. நான் ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்தால் முதலில் தேடுவது அந்தப் படத்தைத்தான். மறைத்தவை அங்கேதான் எட்டிப்பார்க்கும்.

மதிப்பாய்வை ரொம்பவும் நம்பிவிடவும் வேண்டாம். 1998-இல் வெளியான ஒரு சோதனையில், பி.எம்.ஜே. ஏற்கனவே ஏற்றுக்கொண்டிருந்த ஒரு கட்டுரையில் எழுதியவர்களின் சம்மதத்தோடு வேண்டுமென்றே எட்டுக் குறைகளைப் புகுத்தி 420 மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பினார்கள். 221 பேர் மதிப்பாய்வு எழுதி அனுப்பினார்கள். சராசரியாக ஒருவர் கண்டுபிடித்தது எட்டில் இரண்டு. ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்காதவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர். இந்த முடிவையும் மறைக்காமல் வெளியே சொன்னார்கள் என்பதற்காக அந்த இதழ்க்காரர்களை மதிக்கிறேன்.

ஆக, மதிப்பாய்வு ஒரு வடிகட்டி, கொஞ்சம் ஓட்டையானது. உண்மையான சோதனை அச்சேறிய பிறகுதான் வருகிறது: வேறு ஊரில், வேறு கைகள், அதே காரியத்தைச் செய்து பார்ப்பது.

ஜெர்மனியில் அதைத்தான் செய்தார்கள். கிராஃபின் கையேட்டை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே மருத்துவமனை என்றில்லாமல் பல மையங்களில் 141 நோயாளிகள். ஒரு பாதிக்கு வீட்டில் பத்து முறை சிகிச்சை. மறு பாதிக்கு ஒரே ஒரு முறை ஆலோசனையும் ஒரு துண்டுப் பிரசுரமும். முடிவு வருவதற்கு முன்பே, 2009-இல், எதை அளக்கப் போகிறோம், எப்போது அளக்கப் போகிறோம், எது வெற்றி என்று எழுதி வெளியிட்டுவிட்டார்கள். இது சின்ன விஷயம் அல்ல. பத்து விஷயங்களை அளந்துவிட்டு, நன்றாக வந்த ஒன்றை மட்டும் 'இதைத்தான் தேடினோம்' என்று சொல்லும் சபலத்துக்கு இது பூட்டு. அம்பு விட்ட பிறகு அதைச் சுற்றி வட்டம் வரைய முடியாது.

2011-இல் பி.எம்.ஜே. ஓப்பன் இதழில் முடிவு வந்தது. பத்து முறை வீட்டுக்குப் போனதற்கும் ஒரு முறை ஆலோசனை சொன்னதற்கும் நோயாளிகளின் அன்றாடச் செயல்பாட்டில் வித்தியாசமே இல்லை.

1.3 எங்கே, இது எங்கே!

அந்தக் கட்டுரையை எழுதியவர்களின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். மோட் கிராஃப் பெயர் இருக்கிறது. தான் உருவாக்கிய சிகிச்சை பக்கத்து நாட்டில் பலிக்கவில்லை என்று சொல்லும் கட்டுரையில் அவரும் ஓர் ஆசிரியர். மூன்று கட்டுரைகளில் (மூன்றாவதற்கு வருகிறேன்) எது பெரிது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். பலன் இல்லை என்று முடியும் ஆய்வுகள் பெரும்பாலும் மேசை இழுப்பறையிலேயே கிடந்து மக்கும். இழுப்பறையில் இருப்பதைத் தெரியாமல், வெளியே வந்ததை மட்டும் எண்ணினால் எல்லாச் சிகிச்சையும் அற்புதமாகத்தான் தெரியும்.

அதோடு விட்டுவிடவும் இல்லை. ஏன் பலிக்கவில்லை என்றே தனியாக ஆராய்ந்து, அதே ஆண்டில் அதே இதழில் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். சிகிச்சையாளர்களின் அனுபவமும் அவர்கள் கையேட்டை நடைமுறைப்படுத்திய விதமும் அதில் அலசப்பட்டன. நோயாளிகளுக்கு ஆரம்பத்தில் எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பதும் பேசப்பட்டது. ஏற்கனவே ஓரளவு தானே செய்துகொள்ளும் ஒருவரிடம் மீட்டெடுக்க அதிகம் இருக்காதே. ஒப்பிடப்பட்டதும் வேறு: நெதர்லாந்தில் ஒன்றுமில்லாததோடு ஒப்பிட்டார்கள், ஜெர்மனியில் ஒரு நல்ல ஆலோசனையோடு.

பிறகு பிரிட்டன். சிகிச்சையை அந்த ஊர் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றியமைத்து, 468 ஜோடிகளை வைத்து, வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டு, 26 வாரம் கழித்து அளந்தார்கள். முடிவு பிளாஸ் மெடிசின் இதழில் வெளியானது. அங்கேயும் அன்றாடச் செயல்பாட்டில் பலன் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு ஆக்குபேஷனல் தெரபியே வீண் என்று யாராவது முடிவு கட்டினால் அது அவசர முடிவு. 1997-இல் ஜாமா இதழில், தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஃபுளோரன்ஸ் கிளார்க் குழு லாஸ் ஏஞ்சலிஸ் முதியவர்கள் 361 பேரை மூன்றாகப் பிரித்துச் செய்த ஆய்வு வந்தது. ஒரு பிரிவுக்கு ஒன்பது மாதம் சிகிச்சை, ஒரு பிரிவுக்கு ஒன்றுகூடி விளையாட்டும் பொழுதுபோக்கும், ஒரு பிரிவுக்கு ஒன்றுமில்லை. 'நாலு பேரோடு கலகலப்பாக இருந்தாலே போதுமே, இதற்கு ஒரு தெரபிஸ்டா?' என்ற நியாயமான சந்தேகத்துக்காக வைத்த நடுப் பிரிவு அது. கூடி விளையாடியவர்கள் ஒன்றும் செய்யாதவர்களைவிட மேம்படவில்லை. சிகிச்சை பெற்றவர்கள் பல அளவுகளில் மேம்பட்டார்கள். 1999-இல் லான்செட் இதழில் மரியன் வாக்கர் குழு வெளியிட்ட ஆய்வில், பக்கவாதம் வந்தும் மருத்துவமனையில் சேர்க்கப்படாத பிரிட்டன் நோயாளிகள் 185 பேரில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்கள் அன்றாடக் காரியங்களில் முன்னே நின்றார்கள். மறுபக்கம், 2015-இல் பி.எம்.ஜே.யில் வந்த பெரிய ஆய்வு ஒன்று பிரிட்டனின் 228 முதியோர் இல்லங்களில், பக்கவாதம் வந்து வசித்த 1,042 பேரைப் பார்த்துவிட்டு, பலன் இல்லை என்றது. யாருக்கு, எந்த இடத்தில், எந்தக் கட்டத்தில் என்று கேட்காமல் இந்தச் சிகிச்சை பலிக்குமா என்று மட்டும் கேட்பது, சாப்பாடு நல்லதா என்று கேட்பது மாதிரி.

பலிப்பதும் பலிக்காததும் இருக்கட்டும். ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு அதே சிகிச்சையை நம்மால் செய்ய முடியுமா? டாமி ஹாஃப்மன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளருக்கு இந்தச் சந்தேகம் வந்தது. அவரும் ஆக்குபேஷனல் தெரபி படித்தவர்தான். மருந்தில்லாச் சிகிச்சைகளைப் பற்றி நல்ல இதழ்களில் வந்த ஆய்வுகளை எடுத்து, 137 சிகிச்சைகளை அவரும் சகாக்களும் சோதித்தார்கள். இன்னொருவர் திருப்பிச் செய்யும் அளவுக்கு விவரம் இருந்தவை நூற்றுக்கு 39. எழுதியவர்களுக்குக் கடிதம் போட்டுக் கேட்ட பிறகு 59. அதிகம் விடுபட்டது எது தெரியுமா? சாமான்கள். எந்தப் படம், எந்தக் கையேடு, எந்த உபகரணம் என்பது. 'நோயாளிக்குக் கல்வி அளிக்கப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். என்ன கல்வி, யார் கொடுத்தார், எத்தனை நிமிடம், வீட்டிலா ஆஸ்பத்திரியிலா என்று இருக்காது. பாட்டியிடம் குழம்புக்குப் பக்குவம் கேட்டால் 'எல்லாம் ஒரு கை அளவு போடு' என்பாரே, அதே கதை. குழம்பு அருமையாக இருக்கும். பாட்டியின் கை நம்மிடம் இருக்காது.

2014-இல் ஹாஃப்மனும் பலரும் சேர்ந்து பி.எம்.ஜே.யில் பன்னிரண்டு அம்சப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். 'டைடியர்' என்று அதற்குப் பெயர். சிகிச்சையின் பெயர், ஏன், எந்தச் சாமான்கள், என்னென்ன செய்தீர்கள், யார் செய்தார், எப்படி, எங்கே, எத்தனை முறை, ஆளுக்கேற்ப எதை மாற்றினீர்கள், போகப்போக எதை மாற்றினீர்கள், திட்டமிட்டபடி நடக்க என்ன ஏற்பாடு, உண்மையில் எவ்வளவு நடந்தது. கடைசி இரண்டும்தான் கசப்பானவை. பத்து முறை போகத் திட்டமிட்டோம் என்று எழுதுவது சுலபம். சராசரியாக எத்தனை முறை போனோம் என்று எழுதத்தான் தைரியம் வேண்டும்.

நம் ஊரில் பக்கவாதம் வந்தவருக்கோ சிறப்புக் குழந்தைக்கோ நல்ல வேலை பார்த்துவிட்டு, அதைக் குறித்துவைக்காமலே ஓய்வுபெறும் சிகிச்சையாளர்கள் உண்டு. 135 பேர் வேண்டியதில்லை, நைமேகன் வேண்டியதில்லை. ஒரே ஒரு நோயாளிக்கு என்ன செய்தோம் என்று அந்தப் பன்னிரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதினால் அது ஒரு நோயாளி அறிக்கை ஆகிவிடும். இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சங்கத்துக்குச் சொந்தமாக ஓர் ஆய்விதழே இருக்கிறது. மொழி தடை என்பார்கள். இருக்கலாம். தமிழில் முதலில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாமே.

மறதிநோய் உள்ள பெரியவர் உங்கள் வீட்டில் இருந்து, இவற்றை நேரில் பார்க்கத் தோன்றினால், நைமேகன், ஜெர்மனி, பிரிட்டன் கட்டுரைகள் மூன்றையும் இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஜெர்மன் ஆய்வு வந்த இதழ், மதிப்பாய்வாளர்கள் எழுப்பிய கேள்விகளையும் ஆசிரியர்களின் பதில்களையும் கட்டுரையோடு வெளியிடுவது வழக்கம். 2006-ஐப் படித்ததும் கையை எடுத்துவிடாதீர்கள், 2011-ஐயும் திறந்துவிடுங்கள்.